பட்டதாரி எவரும் இல்லை

"ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா?" என்று அமீர் ஜான் கேட்டதும் நீலமேகம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படிக்க ஆரம்பித்தான். இத்தனைக்கும் கேள்வி அவனிடம் கேட்டதல்ல. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கச்சி லோகநாயகியிடம் கேட்டது. அவள் பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்ல பாய். எங்க அண்ணன் பி.காம்."

சொன்னதோடு விட்டாளா, திரும்பி அண்ணனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பழவேற்காடு பஜாரில் அமீர் ஜானின் இ-சேவைக் கடை மொத்தமே பத்தடிக்கு எட்டடி. ஜூன் மாதம், அட்மிஷன் சமயம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்த பெற்றவர்களுமாக உள்ளே நிற்க இடமில்லை. அத்தனை பேரும் நீலமேகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்கள். அவன் பதிலுக்கு லேசாகத் தலையை ஆட்டி வைத்தான். ஆறு வருஷமாக ஆட்டிப் பழகிய தலை, தானாகவே ஆடும்.

"அப்ப 'இல்லை'ன்னு போடறேன்," என்றார் அமீர் ஜான். "'ஆமா'ன்னு இருந்தா டியூஷன் ஃபீஸ்ல பெரும்பங்க கெவர்மெண்ட்டே பாத்துக்கும். வூட்ல ஒரு பட்டதாரி இருந்தா அது கெடையாது. இன்னும் எட்டு நாள் டைம் கீது, வேற ஏதாச்சும் மாத்தணும்னா வாங்க."

நாயகியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவளுக்கு விஷயம் தெரியும். அவள் கட்-ஆஃப் நூற்று எழுபத்தெட்டு. அந்த மார்க்குக்கு நல்ல தனியார் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைக்கும், கிடைத்தாலும் ஃபீஸ் கட்ட முடியாது. அவள் படித்தது உதவிபெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடும் இல்லை. நைனா சிங்காரம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: சலுகை ஏதாவது வந்தால் என்ஜினியரிங், இல்லாவிட்டால் பொன்னேரியில் பி.எஸ்சி. நைனாவின் போட்டில் மீன் கூட்டம் காட்டும் பெட்டி கெட்டுப்போன அன்று, பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள் அதைத் திருப்புளி போட்டுத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்தே எலக்ட்ரானிக்ஸ்தான் என்று ஒரே பிடி. அப்படிப்பட்டவள், அந்த ஒரு கட்டத்தில் 'இல்லை' விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே, அதைப் பெருமையாகச் சொன்னாள். அண்ணனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல். நீலமேகம் பி.காம். இல்லை. பி.காம். சேர்ந்தான், மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்தான், முடிக்கவில்லை. இது அவனைத் தவிர லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மீஞ்சூரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடையிலிருந்து பாலம் தாண்டி வீடு வரும்வரை நாயகி ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். பி.எஸ்சி.யிலும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறதாமே, பஸ்ஸும் நேராகப் போகிறதாமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்வது போல் பேசினாள். நீலமேகம் 'ம்' கொட்டினான். அமீர் ஜான் கடையிலேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பத்துப் பேர் எதிரில் அசிங்கப்பட முடியாமல் தங்கச்சியின் படிப்பை ஒரு தலையாட்டலில் தொலைத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

அன்று சாயந்திரமே நைனாவிடம் போனான். சிங்காரம் பந்தலுக்கடியில் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எல்லப்பனும் பச்சைமுத்துவும் அவரவர் வலையோடு. தனியாகக் கூப்பிட்டால் கேள்வி வரும் என்று நீலமேகம் அங்கேயே குந்தி, குரலை இறக்கிச் சொன்னான்.

"நைனா, நான் டிகிரி முடிக்கல. நாயகிக்கு ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எழுதலாம்."

சிங்காரம் ஊசியை நிறுத்தினார். மகனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, ஆனால் நீலமேகம் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"இந்தப் புத்தி எங்கருந்துடா வந்துச்சு உனக்கு? தங்கச்சி மேல பாசம் இருக்கட்டும். அதுக்காவ படிச்ச படிப்ப இல்லன்னு சொல்லுவியா?"

"நெஜமாவே முடிக்கல நைனா."

"நிறுத்துடா. அது பட்டதாரி இல்லாத வூட்டுக்குன்னு வெச்ச பாடு. நம்ம வூட்ல ஆள் இருக்க சொல்லோ அத்த நாம எடுத்தா, வேற எவனோ ஒருத்தன் பொண்ணு வாயில மண்ண அள்ளிப் போடறது."

பாடு என்றால் அந்தக் கரையில் விளையாட்டில்லை. முகத்துவாரத்தில் இறால் நன்றாக விழும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் வலை இறக்கலாம் என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. அடுத்தவன் பாடு அன்று வலை இறக்கினவனைக் குப்பம் லேசில் விடாது. சிங்காரம் தம் சொந்தத் தம்பி அப்படிச் செய்தபோது அவன் வலையைத் தாமே இழுத்துக் கரையில் போட்டவர். அவரிடம் போய்ப் பொய்யாகச் சலுகை வாங்கலாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். ஆறு வருஷத்தில் நீலமேகம் பேசிய ஒரே உண்மை அவருக்குப் பொய்யாகப் பட்டது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எல்லப்பனுக்குக் காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. விளக்கு வைப்பதற்குள் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. தங்கச்சிக்காகத் தன் டிகிரியையே வேண்டாம் என்றானாம், இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணனா என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் உருகிப்போனார்கள். பச்சைமுத்து தெருவில் நிறுத்தி முதுகைத் தட்டிக்கொடுத்தார். அம்மா ஜெயம்மா சோறு போடும்போது மடவை மீன் தலையை அவன் தட்டில் வைத்து, அவன் தலையையும் ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். நீலமேகம் அந்த மீன் தலையைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தான். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

நாயகி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காவ நீ பொய் சொல்ல வேணாம்ணா. ஊர்ல உனக்கு எம்மாம் பேரு கீது. நான் பி.எஸ்சி.யே படிக்கிறேன்."

அவளிடமாவது புரியவைத்திருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அமீர் ஜான் கடைக்குப் போனான்.

"வாங்க பி.காம் சார்," என்றார் அமீர் ஜான், வழக்கம்போல.

"அப்படிக் கூப்புடாத பாய். நான் பாஸ் பண்ணல. தங்கச்சிக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட்டு போடு."

அமீர் ஜான் அவன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பேருடைய மார்க்கும் சாதியும் வருமானமும் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும் போல. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, "வி.ஏ.ஓ. நேர்ல வந்து விசாரிப்பாங்க, வூட்ல எல்லாரும் கையெழுத்துப் போடணும்," என்று மட்டும் சொன்னார்.

வி.ஏ.ஓ. வர நாலு நாள் ஆனது. மேரி என்று பெயர், ஐம்பதை நெருங்கிய அம்மாள், ஸ்கூட்டியை மணலில் ஓட்ட முடியாமல் கோயிலருகே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். அன்று காற்று சரியில்லை, கடலுக்கு யாரும் போகவில்லை. குப்பம் முழுக்கக் கரையில் இருந்தது.

"சிங்காரம் வீடு எதுப்பா? அந்த வீட்ல யாராச்சும் டிகிரி படிச்சவங்க இருக்காங்களா?"

இப்படிக் கேட்டால் லைட்ஹவுஸ் குப்பம் என்ன சொல்லும்? ஒரே குரலில் சொன்னது. எல்லப்பன் எழுந்தே நின்றார்.

"இன்னா மேடம் அப்படிக் கேட்டுட்டீங்க? எங்க குப்பத்துக்கே மொத பட்டதாரி அந்த வூடுதான். நீலமேகம் பி.காம். அதோ பாருங்க, போட்லயே எழுதிக் கீது."

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் போட்டின் வெள்ளை விலாவில் நீலப் பெயிண்டால் முழ நீள எழுத்தில் இருந்தது: சி. நீலமேகம் பி.காம். மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். இவனுடையது தினமும் விடியற்காலை ஏறிப்போய் மத்தியானம் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தது.

மேரி அம்மாள் போட்டைப் பார்த்தார், கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். குரல் மாறியது.

"போட்ல பி.காம்.னு எழுதி வெச்சிட்டு, பட்டதாரி யாரும் இல்லன்னு மனு குடுத்தா இன்னா அர்த்தம்? யாரு குடுத்தது?"

"நான்தான் மேடம்," என்று நீலமேகம் முன்னால் வந்தான். "நான் முடிக்கல. போட்ல இருக்கறது பொய்."

"அவன் சொல்றதுதான் பொய்," என்று சிங்காரம் குறுக்கே வந்தார். மகன் தம்மைக் கேட்காமல் மனு கொடுத்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிடு தாயீ. தங்கச்சி படிக்கணும்னு இந்தப் பய இப்படிப் பண்ணிக் கீறான். கிழிச்சிப் போட்டுடு அத்த. எங்களுக்கு அந்தச் சலுகை வேணாம்."

கூட்டத்தில் நாலைந்து பேர் 'பாவம்' என்றார்கள். நீலமேகத்தின் காது சுட்டது. தான் யோக்கியன் இல்லை என்று நிரூபிக்க இத்தனை பாடுபட வேண்டியிருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"மார்க் ஷீட்டு எடுத்தாரேன் மேடம். ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

பரணில் இருந்த சூட்கேசுக்கு ஆறு வருஷமாகப் பூட்டு. சாவி அவன் அரைஞாணிலேயே தொங்கியது. அடியில் கிடந்த கடைசி செமஸ்டர் மார்க் ஷீட்டை எடுத்தான். எல்லாம் இந்தத் தாளில் ஆரம்பித்ததுதான். பேங்க் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, என்ன படிப்பு என்றே தெரியாமல் பி.காம். சேர்ந்தான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர், அடுத்ததில் ஐந்து. கிளாசில் எழுப்பி இங்கிலீஷில் படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பின்னால் சிரிப்பார்கள். கடைசி செமஸ்டரில் பரீட்சை ஹால் வாசலுக்குக்கூடப் போகவில்லை. ரிசல்ட் வந்தபோது, எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தாளை நைனாவிடம் நீட்டினான்.

சிங்காரத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து நாலோ ஐந்தோ. அதில் 'ஏ' ஒன்று, இறால் வியாபாரி பெட்டியில் எழுதுவது. ஏ என்றால் விரல் பருமன் இறால், முதல் ரகம், நல்ல விலை. மகன் தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக மூன்று ஏ. "எத்தினி ஏ-டா! ஒண்ணுக்கே அந்த விலைன்னா, மூணு!" என்று தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கே ஓடிவிட்டார். அந்த வாரமே போட்டில் பெயர் ஏறியது. திருத்துவதற்கு நீலமேகத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அவன் நைனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டான்.

தாளோடு திரும்பி வந்தபோது கூட்டம் கலையாமல் இருந்தது. மேரி அம்மாள் கண்ணாடியைத் தேடுவதற்குள் சிங்காரம் முந்திக்கொண்டார்.

"இதேதான் தாயீ. அப்பவே பாத்துட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு மூணு ஏ இருக்கும் பாரு. நாயகி, மேடத்துக்குப் படிச்சிக் காட்டு."

அந்தத் தாள் வந்த வருஷம் நாயகி ஆறாம் வகுப்பு. இப்போதுதான் முதல்முறையாகக் கையில் வாங்குகிறாள். மேலிருந்து கீழே பார்த்தாள். மறுபடி மேலிருந்து பார்த்தாள். நீலமேகம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"படிம்மா," என்றார் சிங்காரம்.

"நைனா, இது கிரேடு இல்ல."

"பின்ன?"

"ஆப்சென்ட். பரீட்சைக்கே போவலன்னா இப்படிப் போடுவாங்க."

காற்றில் போட்டின் மேல் மூடியிருந்த தார்ப்பாய் படபடத்தது. எழுந்து நின்றிருந்த எல்லப்பன் மெல்ல உட்கார்ந்தார். மேரி அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

"எத்தினி பரீட்சை?" என்று சிங்காரம் நாயகியிடம்தான் கேட்டார்.

"ஆறு."

"ஆறுக்கும் போவலயா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சிங்காரம் மகன் பக்கம் திரும்பினார். அவர் கத்தவில்லை. கத்தினால் நன்றாயிருக்கும் என்று நீலமேகம் மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"ஆறு நாளும் உங்கம்மா விடியல்ல எழுந்து சோறு கட்டிக் குடுத்தாளே. கோயில்ல துன்னூறு வெச்சி அனுப்பனாளே. எங்கடா போன?"

"டச்சுக் கல்லறைக்கு."

"எது, பஜாராண்ட கீதே, அதா? அங்க இன்னா பண்ண?"

நீலமேகத்துக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. மூன்று மைல்கூட இல்லை. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கிய அந்த இடத்துக்குள் உள்ளூர்க்காரன் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். என்றைக்கோ செத்த வெள்ளைக்காரன் ஒருவன் மேல் சாய்ந்துகொண்டு, பரீட்சை முடிந்து பஸ் திரும்பும் நேரம் வரை உட்கார்ந்திருந்தான்.

"சோறு துன்னேன்," என்றான்.

ஜெயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சைமுத்து, ஐந்து நாளைக்கு முன் முதுகைத் தட்டிய அதே பச்சைமுத்து, மெல்ல எழுந்து தன் வலையைப் பார்க்கப் போனார். ஒவ்வொருவராக விலகினார்கள். திட்டுவதற்குக்கூட யாரும் நிற்கவில்லை. அவமானம் இவ்வளவு அமைதியாக வரும் என்று நீலமேகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆறு வருஷமாக ராத்திரிகளில் கற்பனை செய்து பயந்ததில் இது ஒன்றுதான் வராமல் போயிருந்தது.

சிங்காரம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேரி அம்மாள் முன்னால் போய் நின்றார். பாடுப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதே குரலில், கரையெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"எழுதிக்கோ தாயீ. எங்க வூட்ல பட்டதாரி எவனும் இல்ல. இது எங்க பாடுதான்."

கையெழுத்துக்கு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். கூட்டு உறுதிமொழிப் படிவத்தை நாயகி அமீர் ஜான் கடையிலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கொடுத்தாராம். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறோம் என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே ஒவ்வொருவரின் பெயர், படிப்பு, கையெழுத்து. சிங்காரம், ஐந்தாம் வகுப்பு. அவர் ஒவ்வொரு எழுத்தாக, தாளைக் கிழித்துவிடுவது போல் அழுத்தி எழுதினார். ஜெயம்மா, படிக்கவில்லை. கட்டைவிரலை உருட்டிவிட்டு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவதாக நீலமேகம். படிப்பு என்ற இடத்தில் நாயகி பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதிப் பேனாவை அவனிடம் நீட்டினாள்.

அவன் கையெழுத்துப் போட்டான். போட்டு முடித்துப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் கமா வைத்து பி.காம். என்று இருந்தது. கோயில் நன்கொடைப் புத்தகத்தில், கல்யாண வீட்டு மொய் நோட்டுகளில், அத்தனை இடத்திலும் அப்படித்தான் போட்டு வந்திருக்கிறான். கை தானாகப் போய்விட்டது.

மேரி அம்மாள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். அடித்து எழுதினால் செல்லாது என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

"இன்னொரு ஃபாரம் கீது," என்றாள் நாயகி.

சிங்காரம் மறுபடி குனிந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஜெயம்மா துடைத்த விரலை மறுபடி மையில் வைத்தாள். நீலமேகம் பேனாவை எடுத்தான். நாயகி தாளின் மேல் சாய்ந்து, அவன் பெயர் முடிகிற இடத்துக்கு நேராகத் தன் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டாள். அவன் எழுதினான். பேனா அவள் விரல் வரைக்கும் போய் நின்றது.